தாய்ப்பூனை தன் குட்டியை ஏன் விரட்டுகிறது?



இந்த முறை பூனையைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று இருக்கிறேன். மாடு, ஆடு, கோழி என்றால் வருமானம் இருக்கிறது, பூனையைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் லயங்களுக்குப் போகும்போது என்னை நிறுத்தி வைத்துக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "ஐயா, எங்க வீட்டுப் பூனைக்கு என்னமோ ஆயிருச்சுங்க. போன மாசம் வரைக்கும் குட்டிகள நக்கி நக்கி வளர்த்துச்சு. இப்ப கிட்ட வந்தாலே சீறுது, அறையுது, கடிக்கப் போகுது. பைத்தியம் புடிச்சிருச்சுங்களா?" என்று கேட்கிறார்கள்.

பெத்த தாயே பிள்ளையை விரட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, தாய்ப்பூனையை உரச் சாக்கில் போட்டுக் கட்டி அடுத்த டிவிஷனில் கொண்டுபோய் விட்டு வருகிறவர்கள் உண்டு. சில வீடுகளில் தாய் தப்பிவிடும், குட்டிகள் சாக்குக்குள் போகும். றோட்டோரத்திலோ தேயிலைக்குள்ளோ அவற்றை விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாய் பிடிக்கும், லொறி ஏறும், மழையில் விறைத்துச் சாகும். இவ்வளவுக்கும் அந்தத் தாய்ப்பூனை செய்தது என்னவென்று பார்த்தால், அனேகமாக ஒரு நோயும் கிடையாது, கெட்ட சகுனமும் கிடையாது. குட்டி வளர்ந்துவிட்டது என்று அது சொல்கிறது. நமக்குத்தான் அது விளங்குவதில்லை.

கோழி வைத்திருக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. அடைக்கோழி 21 நாள் முட்டைமேல் இருந்து குஞ்சு பொரிக்கும். பருந்து நிழல் விழுந்தால் குஞ்சுகளைச் செட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். நாய் வந்தால் நாய்மேலேயே பாயும். அதே கோழி ஒன்றரை, இரண்டு மாதம் போனதும் அதே குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். கொஞ்ச நாளில் திரும்ப முட்டையிடத் தொடங்கும். அதைப் பார்த்துக் கோழிக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்வதில்லை. "குஞ்சப் பிரிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். கறவை மாடும் அப்படித்தான். வயிற்றில் அடுத்த கன்று வளர்ந்து மடி வற்றும் காலத்தில் பெரிய கன்று வந்து முட்டினால் உதைத்துத் தள்ளும். பூனை செய்தால் மட்டும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அடுப்படியில், நம் கம்பளிக்குள்ளேயே படுத்துக் குட்டி வளர்த்த ஜீவன் என்பதால்தான் இருக்க வேண்டும்.

பூனையின் பிறவிக் குணம்

நாய் கூட்டமாக வாழும் ஓநாய் வழியில் வந்தது. பூனையோ ஆபிரிக்கக் காட்டுப்பூனை வழியில் வந்தது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியின் பின்னால் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9500 வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். அவ்வளவு காலப் பழக்கம். ஆனாலும் பூனை தனியாக வேட்டையாடும் குணத்தை இன்னும் விடவில்லை. ஒரு எலி ஒரு பூனையின் ஒரு வேளைக்குத்தான் காணும், பங்கு போட முடியாது. ஆகவே குட்டி பெரிசானால் தானே தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய சட்டம்.

நம் மலைப் பக்கத்தில் தேயிலைக்குள் நடமாடும் சிறுத்தையும் இதே சாதிதான். அதன் குட்டிகள் ஒன்றரை, இரண்டு வயதுவரை தாயோடு திரியும். பிறகு பிரிந்துபோய்த் தனக்கென்று ஒரு எல்லையைத் தேடிக்கொள்ளும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கணக்கு மாதங்களில் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் பூனைகள் சேர்ந்தும் இருக்கும். மாட்டுப் பட்டி, மீன் கடை, சந்தை மாதிரி இடங்களில் தாய், மகள், தங்கச்சி என்று பெட்டைப் பூனைகள் ஒன்றாக இருந்து ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுப்பதும் உண்டு. ஆண் குட்டிகள் பெரும்பாலும் வளர்ந்தபின் விலகிப் போய்விடும். அதனால்தான் சில வீடுகளில் தாயும் மகளும் கடைசிவரை ஒரே சாக்கில் படுக்கின்றன. "அந்த வீட்டுப் பூனை வெரட்டல, எங்க வீட்டுது மட்டும் ஏன் வெரட்டுது?" என்று கேட்டால், எல்லாத் தாயும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் பதில். இடமும் சாப்பாடும் அதைப் பொறுத்து மாறும்.

பால் மறக்கடிக்கும் காலம்

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. 7 நாளிலிருந்து 14 நாளுக்குள் கண் திறக்கும். முதல் மூன்று கிழமையும் தாய்தான் குட்டியிடம் போய்ப் படுத்துப் பால் கொடுக்கும். மலசலம் கழிக்கக்கூட தாய் நக்கிவிட வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு இடம் மாற்றும். பூனை ஏழு வீடு மாறும் என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் காலத்தைத்தான். இந்த நேரத்தில் குட்டியைச் சும்மா சும்மா தூக்கிப் பார்த்தால் இன்னும் ஓரிரு வீடு கூடவே மாறும்!

நான்காவது கிழமையளவில் குட்டி நடமாடத் தொடங்கும். அதிலிருந்துதான் நிலைமை மாறுகிறது. இப்போது குட்டிதான் தாயைத் தேடி வந்து முலையை இழுக்கும். ஆறு கிழமைக்குள் பால்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அவை ஊசி மாதிரி இருக்கும். நான்கைந்து குட்டி அந்தப் பல்லோடும் நகத்தோடும் மடியில் தொங்கினால் தாய்க்கு எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்ற அம்மாமாருக்குத் தெரியும். தாய் முதலில் எழுந்து போகும். பிறகு வயிற்றைத் தரையோடு அமத்திப் படுத்துக்கொள்ளும். பிறகு குட்டிக்கு எட்டாத இடமாகப் பார்த்து, பெட்டிமேலோ, விறகு அடுக்கின்மேலோ, கூரைச் சலாகையிலோ ஏறிக்கொள்ளும். அங்கேயும் விடாமல் போனால்தான் சீறும், முன்காலால் ஒரு தட்டுத் தட்டும்.

அந்தத் தட்டைக் கவனித்துப் பாருங்கள். நகம் உள்ளே இருக்கும். குட்டி கத்துகிற கத்தலுக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. அதே தாய் அதே நாளில் செத்த எலியைக் கவ்விக்கொண்டு வந்து குட்டி முன்னால் போட்டுக் குரல் கொடுத்துக் கூப்பிடும். இன்னும் சில நாளில் அரை உயிரோடு கொண்டுவந்து விட்டுப் பிடிக்கப் பழக்கும். பாலை நிறுத்துவதும் வேட்டையைப் பழக்குவதும் ஒரே நேரத்தில் நடக்கிற வேலை. ஏழு எட்டுக் கிழமையில் குட்டி பாலை மறந்துவிடும்.

இங்கேதான் நம் ஆட்கள் நடுவில் புகுகிறார்கள். தாயை அமத்திப் பிடித்துக்கொண்டு குட்டியை மடியில் விடுவார்கள். தாய் சீறினால் விளக்குமாற்றால் ஒரு அடி. அடி வாங்கிய தாய் என்ன நினைக்கும்? குட்டி பக்கத்தில் வந்தால் அடி விழுகிறது என்றுதான் நினைக்கும். பிறகு குட்டியைக் கண்டாலே கூடுதலாகச் சீறும். மெதுவாக முடிய வேண்டிய விஷயத்தை நாமே பெரிய சண்டை ஆக்கிவிடுகிறோம்.

குட்டிக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டால், நான்கைந்து கிழமையிலிருந்தே குழைந்த சோற்றில் அவித்த மீனையோ நெத்தலியையோ முள் எடுத்துப் பிசைந்து, தனித் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாம். கருவாடு என்றால் உப்புப் போகக் கழுவி அவிக்க வேண்டும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம், அவை பூனைக்கு நஞ்சு. மாட்டுப்பாலோ மாப்பாலோ கொடுத்தால் பல பூனைகளுக்கு வயிற்றால் போகும். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தாலே போதும்.

அடுத்த ஈத்து வரும்போது

மேலே சொன்னது இலேசான சண்டை. சில வீடுகளில் நடப்பது அப்படி இல்லை. மூன்று, மூன்றரை மாதக் குட்டியைத் தாய் துரத்தித் துரத்திக் கடிக்கும். குட்டி காம்பராவுக்குள்ளேயே வர முடியாமல் கோடிப்புறத்தில் உட்கார்ந்து அழும். இப்படி என்றால் முதலில் தாயின் வயிற்றைப் பாருங்கள். பத்துக்கு எட்டு வீட்டில் விஷயம் அங்கேதான் இருக்கும் என்பது நான் பார்த்த அளவில் உள்ள கணக்கு.

பால் கொடுக்கும் பூனைக்குச் சினை பிடிக்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது தவறு. குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் திரும்பவும் பருவத்துக்கு வரக்கூடும். குளிர் நாடுகளில் பகல் குறுகிய மாரி காலத்தில் பூனைகள் பருவத்துக்கு வருவதில்லை. நம் நாட்டில் பகல் நேரம் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆகையால் இங்கே பூனைக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. கடுவன் சேராவிட்டால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்து இராத்திரி முழுக்கக் கத்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தைப்பொங்கல் அன்று நாலு குட்டி பிறக்கிறது என்று வையுங்கள். அவற்றுக்கு ஆறு கிழமை ஆகும்போது, அதாவது மாசிக் கடைசியில், தாய்க்குத் திரும்பச் சினை பிடிக்கிறது. பூனையின் சினைக்காலம் 63லிருந்து 65 நாள். மே தினத்துக்கு முதல்நாளோ மறுநாளோ அடுத்த ஈத்துப் பிறந்துவிடும். அப்போது பொங்கல் குட்டிகளுக்கு வயது மூன்றரை மாதம். தாய் ஏன் அந்த நேரம் பார்த்துக் கடிக்கிறது என்று இப்போது விளங்குகிறதா? வயிறு கனத்துவிட்டது, பால் அடுத்த குட்டிகளுக்கு வேண்டும், பதுங்க ஒரு மூலை வேண்டும். பெரிய குட்டிகளோ இன்னும் அந்த மூலையிலேயே கிடக்கின்றன.

இந்தக் கணக்கு இதோடு நிற்காது. பெட்டைக் குட்டி நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வரும். பொங்கலுக்குப் பிறந்ததில் இரண்டு பெட்டை என்றால், அவை ஆனி மாதத்தில் சினைப்பட்டு ஆவணியில் குட்டி போடலாம். தாயும் அதே ஆவணியில் மூன்றாவது ஈத்துப் போடலாம். ஈத்துக்கு நாலு என்றே வைத்தாலும், தாயின் குட்டிகள் பன்னிரண்டு, மகள்களின் குட்டிகள் எட்டு. தீபாவளிக்கு முன்னால் ஒரு பூனையிலிருந்து இருபது. எல்லாம் பிழைக்காது என்பது வேறு விஷயம். ஆனால் பல லயங்களில் காம்பரா இன்னும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். அதற்குள் ஐந்தாறு பேர் நாம், அடுப்பு, விறகு, பிள்ளைகளின் புத்தகம். அங்கே இத்தனை பூனைக்கும் இடம் தேடினால் அவை ஒன்றையொன்று கடிக்காமல் என்ன செய்யும்?

புதுக் குட்டிகள் பிறந்தபின் தாயின் கோபம் உச்சத்தில் இருக்கும். பெரிய குட்டி பாசத்தோடுதான் மோந்து பார்க்க வரும். தாய்க்கு அது வேற்றுப் பூனை. சில தாய்கள் பெரிய குட்டிக்கும் மடியைக் கொடுத்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெரிய குட்டி முழுப் பாலையும் குடித்துவிட்டுப் பச்சைக் குட்டிகள் செத்துப்போகலாம். முதல் நாட்களில் வரும் சீம்பாலில்தான் நோய்க்கு எதிரான சக்தி இருக்கிறது. ஆகவே அந்த விஷயத்தில் விரட்டுகிற தாய்தான் கெட்டிக்காரி.

இன்னொன்று. கழுத்தில் பல் பட்டுச் செத்துக் கிடக்கும் பச்சைக் குட்டியைப் பார்த்துவிட்டுத் தாய்தான் கொன்றது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வெளியிலிருந்து வரும் கடுவன் சில வேளை அந்த வேலையைச் செய்யும். இராத்திரி கேட்ட சண்டைச் சத்தம் தாய் அதோடு மல்லுக்கட்டிய சத்தமாக இருக்கலாம்.

வேறு காரணங்கள்

வயிறும் இல்லை, பால் மறக்கடிக்கும் வயதும் இல்லை, திடீரென்று ஒரு நாள் சீறுகிறது என்றால் வாசத்தை யோசித்துப் பாருங்கள். பூனைக்கு அடையாள அட்டை மூக்கில்தான் இருக்கிறது. பிள்ளைகள் குட்டியைச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டி, பவுடரும் பூசி விட்டிருப்பார்கள். அல்லது யாருக்கோ கொடுத்த குட்டி பத்து நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கும். மிருக வைத்தியரிடம் போய் மருந்து வாசத்தோடு வந்தாலும் இதே கதைதான். இரண்டு மூன்று நாள் தனியாக வைத்து, தாய் படுத்த சாக்கை அதற்கும் அது படுத்த துணியைத் தாய்க்கும் மாற்றிப் போட்டால் அனேகமாகச் சரியாகும்.

பயமும் ஒரு காரணம். இஸ்தோப்பில் வேற்று நாய் வந்து நிற்கிறது, அல்லது பக்கத்தில் வெடி வெடிக்கிறது. தாய்க்கு நாயைக் கடிக்க முடியாது. பக்கத்தில் நின்ற குட்டிமேல் பாய்கிறது. அந்த நேரம் நீங்கள் கை வைத்தால் உங்களையும் கடிக்கும். கதவைத் திறந்து விட்டுவிட்டு, விளக்கைக் குறைத்து, ஒரு மணி இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள்.

நோவு இருந்தாலும் கடிக்கும். மடி சூடாக, கல் மாதிரி, சிவந்து இருந்தால் மடிநோய். வாலடியிலோ கன்னத்திலோ வீங்கிச் சீழ் வைத்திருந்தால் பழைய சண்டைக் காயம். இவற்றுக்கு மிருக வைத்தியர்தான் மருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கிறது என்று பெனடோல் குளிசையை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் காய்ச்சலை இறக்கும் அதே குளிசை ஒன்றே ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். நல்லது என்று நினைத்துச் செய்து பூனையைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன.

விசர் நோயா என்று எப்படித் தெரியும்?

பைத்தியம் என்று கேட்கிறவர்கள் மனதில் இருப்பது விசர் நாய்க்கடி நோய்தான். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. இலங்கையில் மனிதருக்கு இந்த நோய் பெரும்பாலும் நாயிடமிருந்துதான் வருகிறது. ஆனாலும் பூனைக்கும் இது வரும், பூனை கடித்தும் நமக்கு வரும்.

குட்டியை விரட்டும் ஆரோக்கியமான தாய், குட்டியை மட்டும்தான் விரட்டும். உங்கள் காலில் வந்து உரசும், சாப்பிடும், தண்ணீர் குடிக்கும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். விசர் பிடித்த பூனை அப்படி இருக்காது. ஆளென்றும் பூனையென்றும் கட்டையென்றும் பார்க்காமல் பாயும். வாயில் எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரல் மாறும், நடை தள்ளாடும், இருட்டு மூலையில் போய்ப் பதுங்கும். சில நாட்களுக்குள் செத்துவிடும். இப்படி ஒன்றைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொண்டு, பூனையைத் தொடாமல், தோட்டத்து வைத்திய அதிகாரிக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லி அனுப்புங்கள்.

எந்தப் பூனை கடித்தாலும், பிராண்டி ரத்தம் வந்தாலும், அது நல்ல பூனை, நம் வீட்டுப் பூனை என்று இருந்துவிடக் கூடாது. தாயும் குட்டியும் சண்டை போடும்போது பிள்ளைகள் கையை விட்டுத்தான் கடி வாங்குகிறார்கள். உடனே ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். இந்த நோய்க்கான தடுப்பூசி 1885இல் லூயி பாஸ்டர் மனிதருக்குப் போட்ட காலத்திலிருந்து இருக்கிறது. நோய்க்குறி தெரிந்தபின் போனால் காப்பாற்ற வழி கிடையாது, அதற்கு முன் போனால் பயமில்லை. கடித்த பூனையை அடித்துக் கொல்லாமலும் விரட்டிவிடாமலும் இரண்டு கிழமை கவனித்துப் பார்ப்பது முக்கியம். அது உயிரோடு நல்லபடி இருக்கிறதா என்பதை டொக்டர் கேட்பார். சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுவிட்டு வந்தால் என்ன பதில் சொல்வது? பூனைக்கு வருஷா வருஷம் விசர் தடுப்பூசி போட்டு, போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

குட்டி கேட்டு வருகிறவர்கள் கண் திறந்தவுடனேயே கேட்பார்கள். எட்டுக் கிழமைக்கு முன் கொடுக்காதீர்கள். தாயோடும் கூடப் பிறந்ததோடும் இருந்து வளர்ந்த குட்டிக்குத்தான் எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். வேட்டையும் படித்திருக்கும். எலித் தொல்லை உள்ள நம் லயங்களுக்கு அப்படிப்பட்ட பூனைதான் வேண்டும். மா மூட்டையை ஓட்டை போடுவது மட்டுமில்லை, எலிக் காய்ச்சலையும் எலிதான் கொண்டுவருகிறது. தாய் சீறத் தொடங்கிய நாளிலிருந்தே யார் வீட்டுக்கு எந்தக் குட்டி என்று பேசி வைத்துவிட்டால், எட்டு, பத்துக் கிழமையில் சண்டைக்கு வேலையே இருக்காது.

தங்குகிற குட்டிக்குத் தனித் தட்டு, தனிச் சாக்கு, ஓடி ஏற ஒரு உயரமான இடம் கொடுங்கள். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் காம்பராவின் இரண்டு மூலையில் வையுங்கள்.

தாய்க்குக் கருத்தடை ஒப்பரேஷன் செய்வதுதான் நிரந்தர வழி. பாவம் என்று சிலர் தயங்குகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்துப் போட்டு எலும்பும் தோலுமாய்த் திரிவதும், குட்டிகள் சாக்கில் போவதும்தான் எனக்குப் பாவமாகத் தெரிகிறது. குட்டிகள் பாலை மறந்து, மடி வற்றியபின் செய்யலாம். ஆனால் அதற்குள் கடுவன் வந்துவிடும் என்பதால் நாளைத் தள்ளக் கூடாது. பெட்டைக் குட்டி வீட்டில் தங்கினால் அதற்கும் முதல் பருவம் வருவதற்கு முன் செய்வது நல்லது. உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாளும் செலவும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லயத்தில் நாலைந்து வீடு சேர்ந்து கேட்டால் போக்குவரத்துச் செலவாவது குறையும். அந்த விஷயத்தில் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொன்னால் கடிதம் எழுதித் தருவார்.

ஒப்பரேஷன் முடிந்து வந்த தாய் மறுநாளே குட்டியோடு கொஞ்சிக் குலாவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருந்து வாசம் போக ஒரு கிழமையாவது ஆகும். உடம்பில் ஓடும் பழைய வேகம் அடங்கச் சில கிழமைகள் பிடிக்கும். அதுவரை இராத்திரியில் ஒன்றைக் குசினியிலும் மற்றதைக் காம்பராவிலும் படுக்கப் போடுங்கள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தூரத்தில் தூரத்தில் தட்டு வைத்து, நாளுக்கு ஒரு சாண் கிட்டக் கொண்டுவாருங்கள். சில தாயும் குட்டியும் திரும்ப ஒரே சாக்கில் படுக்கும். சில படுக்காது, ஒன்றையொன்று பார்க்காத மாதிரி ஒதுங்கிப் போகும். கடிக்காமல் அப்படி ஒதுங்கிப் போனாலே போதும், அந்த வீட்டில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.